முடவனும் கொம்புத்தேனும்

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா என்று கேட்கிறது நம் நாட்டுப் பழமொழி. கேட்பவன் நடக்கத் தெரிந்தவன், ஏறத் தெரிந்தவன், தேனைத் தின்று திகட்டிப் போனவன். கேட்கப்படுபவனோ மரத்தடியிலே உட்கார்ந்திருப்பவன். அவனுக்கு ஏணி ஒன்று செய்து தரலாமா, எட்டிப் பறித்து ஒரு துளி கொடுக்கலாமா என்று அப்பழமொழி கேட்பதில்லை. ஆசைப்படலாமா என்றுதான் கேட்கிறது. ஆசையையே குற்றமாக்கும் அறம் அது! இதனைப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். மேடையிலே மாற்றாரை எள்ளி நகையாட எடுத்து வீசுகிறோம். பகுத்தறிவு பேசும் மேடைகளும் இதற்கு விலக்கல்ல என்பதை வெட்கத்தோடு குறிக்கத்தான் வேண்டும்.

ஆனால், அந்தத் தேனும் அந்த முடவனும் பழமொழிக்கு முன்பே பாட்டிலே வந்தவர்கள். குறுந்தொகையின் 60-ஆம் பாட்டு, பரணர் பாடியது. ஓங்கிய மலையிலே தேனடை. அடிவாரத்திலே நடக்கமாட்டாத ஒருவன். அவன் அடையைச் சுட்டிக் காட்டுகிறான், குழித்த உள்ளங்கையை நக்குகிறான், அதிலே இனிமை காண்கிறான். அங்கே எள்ளல் இல்லை, ஏளனம் இல்லை, 'உனக்கேன் இந்த ஆசை' என்ற அதட்டல் இல்லை. உவமையைச் சொல்பவள் யார்? காதலன் அருளாவிட்டாலும் அவனைப் பலகாலும் காண்பதே தனக்கு இனிது என்று கூறும் தலைவி. அவள் அந்த மனிதனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன்னையே அவனுடைய இடத்தில் அமர்த்திக் கொள்கிறாள்! பரணரின் பாட்டு எங்கே, பின்னர் வந்த பழமொழி எங்கே! இடையிலே எவ்வளவு கல் நெஞ்சங்கள் விளைந்திருக்க வேண்டும்!

சங்கப் பாடல் அனைத்தும் இப்படித்தான் என்று மார்தட்ட நாம் வரவில்லை. புறநானூற்றின் 28-ஆம் பாட்டிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார், குறையுடைய பிறப்புகளை எட்டு வகையாக எண்ணிக் காட்டி, அவற்றால் பயனில்லை என அறிந்தோர் கூறினர் என்று சோழன் நலங்கிள்ளிக்கு எடுத்துரைக்கிறார். குருடு, கூன், ஊமை, செவிடு என்று செல்கிறது அந்தப் பட்டியல். அறிவு மயங்கிய பிறவியும் அதிலே உண்டு. பாட்டின் நோக்கம் மன்னனுக்கு அறம் உரைப்பதுதான். ஆயினும், பயன் என்னும் தராசிலே பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நம் பழம்பாட்டிலும் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. பழமை என்பதற்காகவே ஒன்றைப் போற்றும் வழக்கம் நமக்கு இல்லை. பரணரைப் போற்றுவோம், இந்தப் பட்டியலைப் போற்றமாட்டோம்.

இவ்வளவும் எதற்காக? மூளையிலே ஊறு நேர்ந்த குழந்தையை இலக்கியம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதை ஆராயவே. கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறு காலத்துக்குள்ளோ வளரும் மூளைக்கு ஏற்படும் ஊறு, கையையும் காலையும் நாவையும் தன் விருப்பப்படி இயங்க விடாமல் செய்கிறது. மருத்துவர் இதனை மூளை முடக்குவாதம் என்பர். ஆயிரம் பிறப்பில் இரண்டு மூன்று என்பது நெடுங்காலக் கணக்கு. மற்றொன்று வலிப்பு. மூளையின் மின்னோட்டம் திடீரெனக் கட்டுக் குலைவதால் வருவது. கால்கை வலிப்பு என்பதுதான் காக்கை வலிப்பு என்று மருவிற்று என்பர். மருவிய சொல்லைப் பிடித்துக்கொண்டு, காக்கைக்கும் சனி பகவானுக்கும் முடிச்சுப் போடும் சோதிடருக்கு நம் நாட்டிலே பஞ்சமா! இரு நோய்களும் தனித்தனியானவை. ஆனால் மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவருக்கு வலிப்பும் சேர்ந்தே இருக்கிறது.

வலிப்பைப் பற்றி எழுந்த முதல் பகுத்தறிவு ஏடு என்று நாம் கருதுவது, ஏறத்தாழ கி.மு. 400-இல் கிரேக்க நாட்டில் எழுந்த 'புனித நோய்' என்னும் சிறு நூல். இப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் தொகுப்பிலே அது இருக்கிறது. எழுதியவர் அவர்தானா என்பதை அறிஞர்கள் உறுதி செய்யவில்லை. எழுதியவர் யாராயினும் ஆண்மையாளர்! மற்ற நோய்களைவிட இந்நோய் எவ்வகையிலும் புனிதமானதன்று, இதற்கும் இயற்கையான காரணம் உண்டு, அறியாமையே இதனைத் தெய்வத்தின் தலையிலே ஏற்றிற்று என்று தொடக்கத்திலேயே முழங்குகிறார். பிறகு பூசாரிகளைப் பிடித்துக் கொள்கிறார். நோயாளி ஆட்டைப் போல் ஓசை எழுப்பினாலும் பல்லை நெறித்தாலும் இன்ன தெய்வத்தின் வேலை, குதிரையைப் போல் கனைத்தால் வேறொரு தெய்வத்தின் வேலை என்று அவர்கள் இலக்கணம் வகுத்து வைத்திருந்தார்களாம். குளிக்காதே, கறுப்பு ஆடை உடுத்தாதே, ஆட்டுத்தோலில் படுக்காதே, காலின்மேல் காலைப் போடாதே என்று விலக்குகளும் ஏராளம். குணமானால் பூசாரியின் திறமை, செத்தால் தெய்வத்தின் சினம்! இரண்டிலும் காணிக்கை மட்டும் பூசாரிக்கு. ஆட்டுத்தோல்தான் நோய்க்குக் காரணமென்றால், ஆட்டுத்தோலையே உடுத்தி ஆட்டிறைச்சியையே உண்டு வாழும் லிபிய நாட்டார் அனைவரும் அன்றோ விழுந்து துடிக்க வேண்டும் என்று கேட்கிறார் அந்நூலார். ஈரோட்டு மேடையிலே கேட்ட குரல் போல் இருக்கிறதல்லவா!

நோயின் இருப்பிடம் மூளை என்றும், நம் மகிழ்ச்சியும் துயரமும் அறிவும் மயக்கமும் பிறப்பது அங்கிருந்தே என்றும் அவர் கூறினார். இந்நோய் கண்ட ஆட்டின் தலையை அறுத்துப் பாருங்கள், மூளையிலே நீர் கோத்திருக்கும். வருத்தியது கடவுளன்று என்பது விளங்கும் என்றார். அவர் சொன்ன காரணமோ தவறு. மூளையிலிருந்து சளி இறங்கிக் குழாய்களை அடைப்பதால் வலிப்பு வருகிறது, தென்காற்று அதனை மிகுவிக்கிறது என்றெல்லாம் எழுதினார். இன்று அதிலே ஒரு வரியும் நிற்காது. ஆனால், விடை பிழைத்தாலும் வினா பிழைக்கவில்லை. பூசாரியின் விடையைத் திருத்த வழியே இல்லை. மருத்துவனின் விடையைப் பின்வந்த மருத்துவன் திருத்தினான். 1920-களில் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தது அந்தத் திருத்தத்தின் தொடர்ச்சி.

இந்நூலில் நம்மை நிறுத்திவைத்த இடம் வேறொன்று. நோய் நெடுநாள் பழகியவர்கள் வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, ஆளில்லாத இடத்துக்கு ஓடுகிறார்கள், இயலாவிட்டால் தலையை மூடிக்கொள்கிறார்கள். இது தெய்வத்துக்கு அஞ்சி அன்று. பிறர் காண்பரே என்னும் வெட்கத்தால் என்கிறார் நூலார். குழந்தைகளோ? முதலில் விழுந்த இடத்தில் விழுகிறார்கள். சிலமுறை வந்து பழகிய பின், வருவதை உணர்ந்தவுடன் தாயிடம் ஓடுகிறார்கள், அல்லது நன்கு அறிந்த ஒருவரிடம் ஓடுகிறார்கள். ஏனெனில், அவர்களுக்கு அச்சம் உண்டு. வெட்கம் என்பது இன்னும் தெரியாது. ஒரு மருத்துவ ஏட்டிலே, சளியையும் காற்றையும் பற்றிய பேச்சுக்கு நடுவே, இப்படி ஒரு கவனிப்பு! நோய் மூளையிலிருந்து வருகிறது, வெட்கமோ ஊராரிடமிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கவிஞரை நாம் அறியோம்.

நம் ஊரிலே வலிப்பு வந்தால் கையிலே இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். வலிப்பு நின்றுவிடுகிறது, சாவியின் மகிமை என்கிறார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டொரு மணித்துளியிலே தானே நிற்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கையிலே துடைப்பக்கட்டையைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும்! செய்ய வேண்டியதெல்லாம் எளிது: ஒருக்களித்துப் படுக்க வைத்தல், கூரிய பொருள்களை அப்புறப்படுத்துதல், வாயிலே எதையும் திணிக்காதிருத்தல், ஐந்து மணித்துளிக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல். சாவியைத் தேடி ஓடும் கால்கள் இதற்கு ஓடுவதில்லை.

புலவர்களிடம் திரும்புவோம். ஷேக்ஸ்பியர் தம் மூன்றாம் ரிச்சர்டைக் கொடியவனாகக் காட்ட விரும்பினார். அதற்கு அவர் கையாண்ட கருவி என்ன? குறைமாதத்திலே பிறந்தவன், அரைகுறையாக உருவானவன், உலர்ந்த கை, வளைந்த முதுகு! உடல் கோணியதால் உள்ளமும் கோணிற்று என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். 1861-இல் லண்டன் மகப்பேற்று மருத்துவர் கழகத்திலே வில்லியம் ஜான் லிட்டில் என்னும் மருத்துவர், பிறப்பின்போது ஏற்படும் இடர்களால் குழந்தையின் கைகால்கள் விறைத்துப் போவதை விளக்கிய உரையில், இந்த ரிச்சர்டையே சான்றாகக் காட்டினார். லிட்டிலும் சிறு வயதில் நோயால் பாதம் வளைந்தவர். தம் காலுக்கு மருத்துவம் தேடிச் சென்று அத்துறையிலேயே வல்லுநரானவர். கொடியவனாக நாடகம் காட்டியவனை அவர் குழந்தையாகப் பார்த்தார். இது சிறந்த இலக்கியத் திறனாய்வு என்போம். 2012-இல் லெஸ்டர் நகரத்து வண்டி நிறுத்துமிடம் ஒன்றின் அடியிலே அந்த மன்னனின் எலும்புக்கூடு அகப்பட்டது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. உலர்ந்த கைக்குச் சான்று ஏதும் இல்லை. கை புலவரின் கற்பனை. நானூறு ஆண்டுகளாக மேடையிலே அந்தக் கையைக் காட்டிக் காட்டியன்றோ மக்களை அருவருக்க வைத்தார்கள்!

லிட்டிலின் கொள்கையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சிக்மண்ட் பிராய்ட், உளப்பகுப்பாய்வுக்குப் புகழ் பெறுமுன் நரம்பு மருத்துவராக இருந்தவர், 1897-இல் எழுதிய நூலில், கடினமான பிரசவமே சில குழந்தைகளிடம் முன்னரே ஏற்பட்ட கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்றார். பிற்கால ஆய்வுகள் அவர் பக்கமே சாய்ந்தன. பிரசவத்தின்போது மூச்சுத் திணறியதால் வந்தவை சிறுபான்மை. குறைப்பிரசவம், கருவிலே தொற்று, பிறந்த குழந்தையின் கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. 'நீ என்ன பாவம் செய்தாயோ' என்று தாயைக் குத்தும் நாவுகளுக்கு இந்தப் பட்டியலிலே இடமே இல்லை.

தாஸ்தாயெவ்ஸ்கியைப் பற்றி ஒரு சொல். அவரே வலிப்பு நோயாளி. 1878-இல் அவருடைய மகன் அலியோஷா, மூன்று வயது நிரம்பா முன், வலிப்பினால் இறந்தான். அதன்பின் எழுதிய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலிலே, மகனின் பெயரைத் தூய உள்ளம் கொண்ட இளைஞனுக்குக் கொடுத்தார். மகனின் நோயைக் கொலைகாரனாகிய சிமெர்தியக்கோவுக்குக் கொடுத்தார். பெயர் ஒருவனுக்கு, நோய் ஒருவனுக்கு! தந்தையின் துயரம் அறிந்தே நாம் இதைச் சொல்கிறோம்: நோயையும் தூய்மையையும் ஒரே உடம்பிலே வைக்க அந்த மாமேதைக்கும் இங்கே கை வரவில்லை. 'அசடன்' நாவலின் மிஷ்கினிடம் வைத்தாரே என்பர். வைத்தார், ஆனால் அவனை மனிதனாகவா வைத்தார்? ஏறக்குறைய ஏசுநாதராக்கி விட்டார்!

கொடியவனும் வேண்டாம், தேவதூதனும் வேண்டாம், பிள்ளையாகக் காட்டுங்கள் என்றால் நாம் கிறிஸ்டி பிரவுனிடம் வரவேண்டும். அயர்லாந்தின் டப்ளின் நகரிலே 1932-இல் கொத்தனார் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். தாய் பெற்றவை 22, நிலைத்தவை 13. கையும் நாவும் கட்டுக்கு அடங்காத பிள்ளை. மருத்துவர்கள் அறிவற்றது என்றார்கள், உற்றார்கள் எங்கேனும் விட்டுவிடு என்றார்கள். தாய் மறுத்தாள். ஐந்து வயதிலே உடன்பிறந்தவளின் கையிலிருந்த சுண்ணக்கட்டியை இடது கால் விரலால் பறித்துக்கொண்டான் பிள்ளை. தாய் தரையிலே எழுதிக் காட்டிய முதலெழுத்தை அவனும் எழுதினான். 1954-இல் வெளிவந்த 'என் இடது கால்' என்னும் தன்வரலாறு இதிலிருந்து விரிகிறது. 1989-இல் படமாகி, கிறிஸ்டியாக நடித்த டேனியல் டே-லூயிசுக்கும் தாயாக நடித்த பிரெண்டா பிரிக்கருக்கும் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

படத்தைக் கண்டு கண்ணீர் வடித்தவர் பலர். நூலைப் படித்தவர்க்கோ வேறு சில செய்திகள் அகப்படும். லூர்து நகரத்து ஊற்று நீருக்குப் போய் வருகிறார் கிறிஸ்டி. அற்புதம் நிகழவில்லை. ஆனால், தம்மைப்போல் எத்தனை ஆயிரம் பேர் என்பதை அங்கே கண்டார்; தாம் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை உணர்ந்தார். தெய்வம் தராததைக் கூட்டம் தந்தது! திரும்பி வந்த பின் தேடி வந்தவர் ராபர்ட் காலிஸ் என்னும் குழந்தை மருத்துவர், நாடகமும் எழுதியவர். மருத்துவம் தொடங்க லண்டன் வல்லுநர் ஒருவர் விதித்த முதல் கட்டளை என்ன தெரியுமா? இடது காலை இனிப் பயன்படுத்தக் கூடாது! உடலின் மற்றப் பகுதிகள் பழக வேண்டுமானால் அந்தக் கால் ஓய வேண்டும் என்றார்கள். உலகத்தோடு அவரைக் கட்டியிருந்த ஒரே கயிறு அது. அதை அறுத்துக்கொள்ளச் சொன்னது அறிவியல். அவர் இசைந்தார். ஆகவே அந்நூலின் பெரும்பகுதி கால் எழுதியதன்று, உடன்பிறந்தார் எழுதியது. அவர்கள் எழுதுகோல் பிடிக்க அவர் சொல்லச் சொல்ல வளர்ந்தது. சொல்ல முடியாத ஒரு கட்டத்திலே, காலுறையைக் கழற்றி எறிந்து, மீண்டும் விரலிடுக்கிலே எழுதுகோலைச் செருகினார். நூலின் உச்சம் அந்த இடமே. தெய்வத்தின் ஆணையை மட்டுமன்று, மருத்துவனின் ஆணையையும் நோயாளி கேள்வி கேட்கலாம் என்று கூறும் பக்கங்கள் அவை.

குறை இல்லையா? உண்டு. முதலில் எழுதிய படி டிக்கன்ஸைப் படித்த மயக்கத்திலே சொற்பெருக்காகக் கிடந்தது. காலிஸ் திருத்தி வழிகாட்டினார். ஆயினும் பழைய மணம் முழுதும் போகவில்லை. முடிவிலே மேடை, கைதட்டல், தாய்க்கு மலர்க்கொத்து என்று நாடகத் திரை விழுவது போல் விழுகிறது நூல். பிற்காலத்திலே பிரவுனே அதனை மெச்சவில்லை. 1970-இல் அவர் எழுதிய 'டவுன் ஆல் த டேஸ்' என்னும் நாவலே அவருடைய மெய்யான ஆற்றல் என்போம். அங்கே கண்ணீருக்கு அழைப்பு இல்லை. வண்டியிலே கிடக்கும் சிறுவன் ஒருவன், சேரியின் குடியையும் அடியையும் பசியையும் காமத்தையும் கண்கொட்டாமல் பார்த்துக் கிடக்கிறான். ஊர் அவனைப் பார்த்து இரங்குவது நின்று, அவன் ஊரைப் பார்த்து எழுதுவது தொடங்குகிறது.

நம் பெரிய வழக்கு நூலோடு அன்று, அதைப் புகழ்வோரோடு. 'பார்த்தாயா, காலால் எழுதி உலகப்புகழ் பெற்றான், முயன்றால் முடியாததில்லை' என்று முழங்குகிறார்கள் நம் பேச்சாளர்கள். மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறை உண்டு. மூவரில் ஒருவரால் நடக்க இயலாது. நால்வரில் ஒருவரால் பேச இயலாது. இவர்கள் முயலவில்லையா? உள்ளே ஒரு மேதை ஒளிந்திருந்தால்தான் வெளியே இருக்கும் பிள்ளைக்குச் சோறும் பள்ளியும் மதிப்புமா? அப்படியானால் புறநானூற்றின் அந்தப் பட்டியலுக்கும் உங்கள் புகழுரைக்கும் என்ன வேறுபாடு? அங்கே பயனில்லை என்று தள்ளினார்கள், இங்கே பயன் உண்டு என்று ஒருவனை மட்டும் அள்ளுகிறார்கள். தராசு அதே தராசு!

மேலும், அந்தத் தாயின் உழைப்பை முயற்சி என்று யாரும் எண்ணுவதே இல்லை. மகன் எழுத ஓர் அறை வேண்டுமென்று, வீட்டின் பின்புறத்திலே தானே செங்கல் அடுக்கத் தொடங்கினாள் அவள்; கொத்தனார் கணவனும் மக்களும் அதைக் கண்டு வெட்கி வந்து கட்டி முடித்தார்கள். 13 பிள்ளைகளின் தாய் சுவரும் எழுப்பினால்தான் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்றால், அது தாய்மையின் பெருமை மட்டுமா, நாட்டின் சிறுமையும் அன்றோ! நம் நாட்டிலும் நடந்தது இதுதான். தம் மகள் மாலினிக்கு ஏற்ற பள்ளி இல்லாமையால், 1972-இல் பம்பாயில் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான சங்கத்தைத் தொடங்கிப் பள்ளி கண்டார் மிது அலூர் என்னும் தாய். அந்த மகள் பிற்பாடு ஒரு விரலால் தட்டி எழுதிய தன்வரலாற்றுக்கு 'ஒரு சிறு விரல்' என்ற பொருள்படப் பெயரிட்டார். டப்ளினிலே கால், பம்பாயிலே விரல். இரண்டு ஊரிலும் பள்ளியைக் கட்டத் தாய் வரவேண்டியிருந்தது.

வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே, பொறியின்மை எவர்க்கும் பழியாகாது என்று தொடங்கும் ஒரு குறளை வைத்திருக்கிறார். பொறி என்றால் விதி என்று உரை எழுதினார் பரிமேலழகர். ஐம்பொறி என்ற வழக்கிலே பொறிக்கு உறுப்பு என்றே பொருள் என்பது அவர் அறியாததா! உறுப்புக் குறை பழியன்று என்று கொண்டால் நேராக நிற்கும் குறளை, விதிக் குறை பழியன்று என்று வளைத்தார். வளைத்ததன் விளைவு, முடவன் மீண்டும் முன்வினைக் கணக்கிலே வரவு வைக்கப்பட்டான்.

சொற்களைப் பொறுத்தவரை நம் இயக்கம் சும்மா இருக்கவில்லை. ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி மாற்றுத்திறனாளி என்ற சொல்லை வழக்கிலே நிறுத்தியவர் முதலமைச்சராக இருந்த கலைஞர். 2016-இன் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் உள்ளிட்டு 21 வகைக் குறைபாடுகளைக் குறிக்கிறது. ஆனால் வலிப்பு? 1976-இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியவர்கள், திரும்பத் திரும்ப வலிப்பு வருவோரையும் பித்தரோடு சேர்த்து மணத்துக்குத் தகாதவர் வரிசையிலே எழுதி வைத்தார்கள். அதனை நீக்க 1999 வரை ஆயிற்று. 23 ஆண்டுகள்! கிரேக்க நாட்டு நூலாரைப் படித்த ஒருவராவது அந்த மன்றத்திலே இருந்திருந்தால் என்று எண்ணத் தோன்றுகிறது. உரிய மருத்துவம் கிடைத்தால் வலிப்பு நோயாளரில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். 1912-இலிருந்து வழக்கிலுள்ள பீனோபார்பிட்டால் இன்றும் மலிவான மருந்து. சட்டம் மாறியும், பெண் பார்க்க வருவோரிடம் மறைத்து, புகுந்த வீட்டிலே மாத்திரையை ஒளித்து, ஒளிக்க முடியாத நாளிலே விழுங்காமல் விட்டு, அதனாலேயே அடுப்படியிலே விழும் பெண்கள் நம்மிடையே உண்டு. தாயிடம் ஓடிய அதே குழந்தைதான் அவள். வெட்கத்தை நாம் பின்னர் கற்றுக் கொடுத்தோம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிறிஸ்டி பிரவுனின் தன்வரலாற்றைத் தொடுமுன் 'புனித நோய்' ஏட்டைத் தமிழிலே தாருங்கள். மிகச் சிறிய நூல். சளி, தென்காற்றுப் பகுதிகளுக்கு அடிக்குறிப்பு ஒன்று போதும். மலிவுப் பதிப்பாக அச்சிட்டுப் படிப்பகங்கள்தோறும் வைக்கலாம். சோதிட ஏடுகள் தொங்கும் கடைகளிலும் அவற்றின் பக்கத்திலேயே தொங்க விடலாம்.